ஆக்டோபஸின் அறிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் உயிர்களைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஆக்டோபஸும் வந்துவிடுகிறது. கூடவே ஏறக்குறைய ஒரே கேள்விகளும் வருகின்றன. இத்தனை காலமும் வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். சான்று எங்கே முடிகிறது, நம் கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்துக் காட்டுவதில் பிடிவாதமாக இருந்திருக்கிறேன். இந்த உயிரைப் பற்றிய உண்மைகளே மலைக்கவைப்பவை. அவற்றோடு எதையும் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

ஆக்டோபஸ் மீனா? கணவாய் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

மீன் இல்லை. முதுகெலும்பற்ற மெல்லுடலி. நத்தைக்கும் சிப்பிக்கும் தூரத்து உறவு. மெல்லுடலிகளுக்குள் தலைக்காலிகள் என்றொரு வகுப்பு உண்டு. தலையிலிருந்தே கைகள் கிளைப்பதால் அந்தப் பெயர். இன்று வாழும் தலைக்காலிகளில் ஏறத்தாழ 800 இனங்கள் உள்ளன. அவற்றில் சுமார் 300 இனங்கள் ஆக்டோபஸ்கள்.

கணவாய் என்ற சொல் தமிழில் இந்தக் குடும்பத்துக்கே பொதுப்பெயர்போல வழங்குகிறது. ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்பார்கள். முதுகுக்குள் வெள்ளை ஓடு கொண்டது ஓட்டுக்கணவாய், நீண்டு ஒல்லியாக இருப்பது ஊசிக்கணவாய். இவை இரண்டுக்கும் எட்டுக் கைகளோடு, பாய்ந்து இரை பிடிக்கும் இரண்டு நீண்ட கரங்களும் உண்டு. ஆக்டோபஸுக்கு எட்டுக் கைகள் மட்டும்தான். சுருண்ட ஓட்டுக்குள் வாழும் நாட்டிலஸ் இக்குடும்பத்தின் மிகப் பழைய கிளை. கீழே இந்தப் பெயர்களை இதே பொருளில் பயன்படுத்துகிறேன்.

மூன்று இதயம், நீல ரத்தம், ஒன்பது மூளை. இதெல்லாம் உண்மையா?

முதல் இரண்டும் உண்மை. இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு ரத்தத்தைத் தள்ளுகின்றன. மூன்றாவது, உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. நீந்தும்போது இந்த மூன்றாவது இதயம் நின்றுவிடுகிறது. ஆக்டோபஸ் நீந்துவதைவிட ஊர்ந்து போவதையே விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு கலந்த ஹீமோகுளோபின். அதன் ரத்தத்தில் தாமிரம் கலந்த ஹீமோசயனின் அந்த வேலையைச் செய்கிறது. நீல நிறம் தாமிரம் தந்தது.

ஒன்பது மூளை என்பது மிகைக்கூற்று. மூளை ஒன்றுதான். அது உணவுக்குழாயைச் சுற்றி வளையம்போல் அமைந்திருக்கிறது, ஆகவே விழுங்கும் உணவெல்லாம் மூளையின் நடுவே புகுந்துதான் வயிற்றுக்குப் போகிறது. ஆனால் அந்த மிகைக்கூற்றுக்கும் ஓர் அடிப்படை உண்டு. சாதாரண ஆக்டோபஸிடம் ஏறத்தாழ 50 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இருப்பது கைகளில்! கைக்கு ஒரு நரம்பு வடம், நுனிவரை ஓடுகிறது. அதைத்தான் எட்டுச் சிறு மூளைகள் என்று எண்ணிச் சேர்த்துவிடுகிறார்கள்.

வெட்டிய கைகூட அசையுமாமே? அப்படியானால் கை தானாகவே சிந்திக்கிறதா?

அசையும். உடலிலிருந்து பிரிந்த கை ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை தொட்டதைப் பற்றிக்கொள்ளும். 2001 இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையோடு தொடர்பு அறுந்த கையைத் தூண்டியபோது, உயிருள்ள ஆக்டோபஸ் கையை நீட்டும்போது எழும் அதே அலையசைவு அதிலும் எழுந்தது. கையை எப்படி நீட்டுவது என்ற செய்முறை கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். 2014 இல் இன்னொன்று தெரியவந்தது. பிரிந்த கை எதிர்ப்படும் எதையும் பற்றும், ஆனால் ஆக்டோபஸின் தோலை மட்டும் பற்றாது. தோலை உரித்துவிட்டுக் கொடுத்தால் பற்றிக்கொள்ளும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறிஞ்சிகளோடு எட்டுக் கைகள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளாமல் இருப்பது இப்படித்தான். தோலில் உள்ள ஏதோ ஒரு வேதிப்பொருள் உறிஞ்சியைத் தடுக்கிறது. உறிஞ்சிகளுக்குச் சுவையறியும் திறனும் உண்டு. பாறை இடுக்கில் கை நுழையும்போதே அது தொட்டுப் பார்க்கிறது, ருசித்தும் பார்க்கிறது.

இதைச் சிந்தனை என்று சொல்ல நான் தயங்குகிறேன். தேர்ந்த வீணைக் கலைஞரின் விரல்கள் ஒவ்வோர் அசைவுக்கும் அவரிடம் அனுமதி கேட்பதில்லை. ஆனால் எந்த ராகம் என்பதை விரல்கள் முடிவு செய்வதுமில்லை. ஆக்டோபஸிடம் இந்தப் பகிர்வு நம்மைவிடப் பல மடங்கு ஆழமாகப் போகிறது, அவ்வளவே. கைகள் முழுச் சுதந்திரம் பெற்றவை என்ற எண்ணத்தை 2011 ஆம் ஆண்டின் ஒரு சோதனை திருத்தியது. கண்ணாடிபோல் தெளிவான ஒரு புதிர்ப்பாதைக்குள் ஒரு கையை மட்டும் விட்டு இரையை எடுக்க வேண்டும். வாசனையோ சுவையோ துணைக்கு வராது. கண் பார்த்துச் சொன்ன வழியில் கையைச் செலுத்த ஆக்டோபஸ்கள் கற்றுக்கொண்டன.

நாய் அளவுக்கு அறிவு இருக்கிறது என்று படித்தேன். சரியா?

இந்த ஒப்பீடு ஓர் எண்ணிக்கைக் குழப்பத்திலிருந்து பிறந்தது. நாயின் பெருமூளைப் புறணியில் ஏறத்தாழ 53 கோடி நரம்புச் செல்கள் உள்ளன, ஆக்டோபஸின் உடல் முழுவதிலும் 50 கோடி. இரண்டு எண்களையும் அருகருகே வைத்ததும் "நாய் அளவு" என்று ஆகிவிட்டது. நாயின் முழு மூளையையும் கணக்கிட்டால் 200 கோடிக்கு மேல் வரும். சுண்டெலியின் மூளையில் சுமார் 7 கோடி, எலிக்கு 20 கோடி, மனிதனுக்கு 8,600 கோடி. முதுகெலும்பற்ற ஒரு பிராணிக்கு 50 கோடி என்பது பிரமிக்கத்தக்க எண்தான். ஆனால் செங்கல்லை எண்ணிக் கட்டடத்தை மதிப்பிட முடியாது.

"மூன்று வயதுக் குழந்தை அளவு", "பூனை அளவு" போன்ற ஒப்பீடுகளையும் நான் ஏற்பதில்லை. நாய் மனிதரின் முகக்குறிப்பைப் படிக்கும். தனியே வாழும் ஆக்டோபஸுக்கு அது எதற்கு? ஆக்டோபஸ் தன் தோலின் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள பாறைக்கேற்ப மாற்றும். நாய்க்கு அதன் நிழல்கூட எட்டாது. ஒரே படிக்கட்டில் எல்லா உயிர்களையும் நிறுத்தி, மேல்படியில் நாம் நின்றுகொள்ளும் பழக்கத்தை விட்டால்தான் இந்த உயிரைச் சரியாகப் பார்க்கவே முடியும்.

நத்தைக்கு உறவான ஓர் உயிருக்கு இவ்வளவு பெரிய மூளை எப்படி வந்தது?

நமக்கும் ஆக்டோபஸுக்கும் பொதுவான மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த ஒரு சிறிய, புழு போன்ற உயிர். அதனிடம் சொல்லும்படியான மூளை இருந்திருக்காது. அங்கிருந்து இரு கிளைகளும் தனித்தனியே நடந்து, தனித்தனியே பெரிய மூளைக்கு வந்து சேர்ந்தன. எனக்கு இந்தப் பக்கம் முழுவதிலும் மிக முக்கியமாகப் படுவது இதுதான். கண்ணிலும் இதே கதை. அதற்கும் நமக்கும் வில்லையும் விழித்திரையும் கொண்ட கண்தான். ஆனால் நம் விழித்திரையில் நரம்பிழைகள் முன்பக்கமாக வந்து, ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு வெளியேறுகின்றன, அந்த இடம் குருட்டுப் புள்ளி. ஆக்டோபஸின் கண்ணில் நரம்பிழைகள் பின்பக்கமாகவே கிளம்புவதால் குருட்டுப் புள்ளி கிடையாது.

ஏன் வந்தது என்பதற்குப் பலரும் ஏற்கும் விளக்கம், ஓட்டை இழந்ததுதான் என்பது. ஓடு போனதும் எந்தப் பிளவுக்குள்ளும் நுழையும் உடல் கிடைத்தது. கூடவே எல்லோருக்கும் இரையாகும் நிலையும் வந்தது. ஒளியவும் ஏய்க்கவும் வேட்டையாடவும் கற்றவை பிழைத்தன. 2015 இல் வெளியான ஆக்டோபஸ் மரபணுத்தொகுதியில், நரம்புச் செல்களை இணைப்பதில் பங்குள்ள புரோட்டோகாதரின் மரபணுக்கள் 168 இருப்பது தெரிந்தது. பாலூட்டிகளிடம் உள்ளதைவிட இது இரு மடங்குக்கும் அதிகம்.

மூடிய ஜாடியைத் திறக்கும் வீடியோ பார்த்தேன். அது அறிவா, வெறும் பழக்கமா?

திருகு மூடியைத் திறப்பது கண்ணைக் கவரும். ஆனால் அதை மட்டும் வைத்து நான் பெரிதாக எதையும் முடிவு செய்ய மாட்டேன். இழுப்பதும் திருகுவதும் துழாவுவதும் அதன் அன்றாடத் தொழில். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது சிப்பியைத் திறக்கும் முறை. ராட்சத பசிபிக் ஆக்டோபஸ், எளிதில் பிரியும் சிப்பியைக் கையால் இழுத்துப் பிரிக்கும். கடினமான சிப்பியானால் ஓட்டைத் துளையிடும், அல்லது அலகால் விளிம்பை உடைக்கும். கம்பியால் கட்டிய சிப்பியைக் கொடுத்துப் பார்த்தபோது, இழுப்பதை விட்டுவிட்டு வேறு வழிக்கு மாறியது. ஒரு வழி பயன்படாதபோது இன்னொன்றுக்குத் தாவுவது வெறும் பழக்கத்தில் வராது.

1959 இல் பீட்டர் டியூஸ், இத்தாலியின் நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையத்தில் ஆல்பர்ட், பெர்ட்ரம், சார்லஸ் என்ற மூன்று ஆக்டோபஸ்களுக்கு நெம்புகோலை இழுத்தால் உணவு கிடைக்கும் என்று கற்பித்தார். முதல் இரண்டும் ஒழுங்காகக் கற்றன. சார்லஸ் நெம்புகோலை உடைத்தது, மேலே தொங்கிய விளக்கைத் தொட்டிக்குள் இழுத்தது, அருகில் வந்தவர்மீது தண்ணீரைப் பீய்ச்சியது. தோல்வியடைந்த சோதனை என்று அதைச் சொல்வார்கள். ஆக்டோபஸ்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை வேறு இல்லை என்பேன்.

கருவிகளைப் பயன்படுத்துமா?

பயன்படுத்தும். இந்தோனேசியாவின் பாலி, வடக்குச் சுலவேசி கடல்களில் ஒரு சிறு ஆக்டோபஸ் இனம், கடலில் கிடக்கும் பாதித் தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, உடலுக்கடியில் வைத்துக்கொண்டு, கைகளை ஊன்றுகோல்போல் விறைத்து நடப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009 இல் விவரித்தார்கள். போய்ச் சேர்ந்ததும் இரண்டு சிரட்டைகளையும் சேர்த்து அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியது சுமை. தூக்கிக்கொண்டு போகும்வரை சிரட்டையால் எந்தப் பயனும் இல்லை. நடை மெதுவாகிறது, ஆபத்து கூடுகிறது. பின்னால் வரப்போகும் தேவைக்காக இப்போது சிரமப்படுவது முதுகெலும்பற்ற உயிர்களிடம் எளிதில் காணக் கிடைப்பதன்று.

பழகிய மனிதரை அடையாளம் தெரியுமா?

தெரியும். 2010 இல் சியாட்டில் நீர்வாழ் காட்சியகத்தில் எட்டு ராட்சத பசிபிக் ஆக்டோபஸ்களிடம் செய்த சோதனையில், ஒருவர் எப்போதும் உணவு கொடுத்தார், இன்னொருவர் முட்கள் கொண்ட குச்சியால் தொட்டுத் தொந்தரவு செய்தார். இருவருக்கும் ஒரே சீருடை. இரண்டு வாரங்களில் ஆக்டோபஸ்கள் முதலாமவரைக் கண்டால் நெருங்கவும், இரண்டாமவரைக் கண்டால் விலகவும் தொடங்கின.

இது பாசமா என்று உடனே கேட்பார்கள். யார் உணவு தருவார், யார் துன்புறுத்துவார் என்று பிரித்தறிந்தது, அதுவரைதான் சோதனை சொல்கிறது. நீரில் கையை விட்டால் ஆக்டோபஸ் அருகே வருகிறது, ஆகவே அது மூடப் பிராணி என்று அரிஸ்டாட்டில் எழுதினார். அதே நெருங்கிவரும் செயலை நாம் இன்று ஆர்வம் என்கிறோம். செயல் ஒன்றுதான், பெயர் சூட்டுபவர்தான் மாறியிருக்கிறார். ஆகவே பெயர் சூட்டுவதில் நிதானம் வேண்டும்.

விளையாடுமா?

சில விளையாடுகின்றன. 1999 இல் வெளியான ஆய்வில் எட்டு ஆக்டோபஸ்களின் தொட்டிகளில் மிதக்கும் வெற்று மாத்திரைக் குப்பியைப் போட்டார்கள். இரண்டு மட்டும் அதன்மீது தண்ணீரைப் பீய்ச்சி, தொட்டிக்குள் வரும் நீரோட்டத்தை நோக்கித் தள்ளின. ஓட்டம் குப்பியைத் திருப்பி அனுப்ப, மறுபடி தள்ளின. பந்தைச் சுவரில் அடித்துப் பிடிப்பதுபோல. உணவில்லை, பயமில்லை, ஆனாலும் திரும்பத் திரும்பச் செய்தன. எட்டில் இரண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பு சொன்ன சார்லஸை நினைத்துக்கொண்டால் அந்த எண்ணிக்கை வியப்பளிக்காது.

நிறமே தெரியாதாமே? பிறகு எப்படிச் சுற்றுப்புறத்தின் நிறத்துக்கு மாறுகிறது?

எல்லோரையும் திகைக்கவைக்கும் கேள்வி இது. எப்படி மாறுகிறது என்பது தெளிவு. தோலில் சிறுசிறு நிறமிப் பைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் சுற்றி ஆரக்கால்கள்போல் தசைகள். மூளையிலிருந்து நரம்பு நேரடியாக அந்தத் தசைகளுக்கு வருகிறது. தசை இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், தளர்ந்தால் புள்ளியாகச் சுருங்கும். பச்சோந்தி நிதானமாகச் செய்வதை ஆக்டோபஸ் நொடிக்கும் குறைந்த நேரத்தில் செய்கிறது. நிறமிப் பைகளுக்கு அடியில், ஒளியைப் பளபளப்பாகவும் வெண்மையாகவும் திருப்பியனுப்பும் செல்கள் உள்ளன. தோலின் தசைகள் மேடு பள்ளங்களையும் உண்டாக்குகின்றன. கல் கல்லாகவே தெரியும், பாசி பாசியாகவே தெரியும்.

எதைப் பார்த்து மாறுகிறது என்பதுதான் சிக்கல். ஆக்டோபஸின் கண்ணில் ஒரே வகை ஒளியுணர் நிறமிதான் உண்டு. நிறத்தைப் பிரித்தறிய இரண்டாவது வேண்டும். (விதிவிலக்கு உண்டு. ஜப்பானியக் கடல்களின் மின்மினிக் கணவாயிடம் மூன்று வகை இருக்கின்றன.) வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தையும் வடிவத்தையும் துல்லியமாகப் பொருத்திவிட்டால் நிறம் பெருமளவு தானாகப் பொருந்திவிடும், அடியிலுள்ள வெண்செல்கள் சுற்றுப்புற ஒளியை அப்படியே திருப்பியனுப்பி மிச்சத்தை ஈடுகட்டும் என்பது ஒரு பதில். கண்மணியின் விசித்திர வடிவத்தால் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு தொலைவில் குவிவதைக் கொண்டு நிறத்தை அறியலாம் என்றொரு கருதுகோள் 2016 இல் முன்வைக்கப்பட்டது. தோலிலேயே ஒளியுணர் புரதம் இருப்பதும், உடலிலிருந்து எடுத்த தோல் துண்டுகூட ஒளி பட்டதும் நிறமிப் பைகளை விரிப்பதும் 2015 இல் தெரியவந்தன. கைக்குள் நரம்பு மண்டலம் இருப்பதைப் பார்த்தோம். தோலுக்கும் ஒரு மங்கலான பார்வை இருக்கிறது!

ஆக்டோபஸ் மட்டும்தான் புத்திசாலியா? மற்றக் கணவாய்கள்?

ஓட்டுக்கணவாய்க்கு உரிய பெருமை கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. குழந்தையின் முன் ஒரு மிட்டாயை வைத்து, "இப்போது எடுக்காமல் பொறுத்தால் இரண்டு தருவேன்" என்னும் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021 இல் அலெக்ஸாண்ட்ரா ஷ்னெல் குழுவினர் அதை ஆறு ஓட்டுக்கணவாய்களுக்கு ஏற்றவாறு மாற்றினார்கள். அவ்வளவாகப் பிடிக்காத இறால் துண்டு உடனே கிடைக்கும். மிகப் பிடித்த உயிருள்ள இறாலுக்குக் காத்திருக்க வேண்டும். அவை 50 முதல் 130 நொடிகள்வரை பொறுத்தன. அதிகம் பொறுத்தவையே வேறொரு கற்றல் சோதனையிலும் சிறந்து விளங்கின.

ஆஸ்திரேலியாவின் ஒரு சிறிய ஓட்டுக்கணவாய் இனத்தில், ஆண் ஒரு பெண்ணுக்கும் ஒரு போட்டி ஆணுக்கும் நடுவில் நின்றால், பெண்ணின் பக்கம் உள்ள தோலில் ஆணின் கோலத்தையும் மறுபக்கம் பெண்ணின் கோலத்தையும் காட்டும். போட்டியாளன் இரண்டு பெண்கள் நிற்பதாக எண்ணிக்கொள்வான். ஊசிக்கணவாய் அறிவியலுக்குத் தந்த கொடை வேறு வகை. அதன் நரம்பிழை ஒன்று ஒரு மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதை வைத்துத்தான் நரம்பில் மின்குறி எப்படிப் பாய்கிறது என்று கண்டறிந்து 1963 இல் நோபல் பரிசு பெற்றார்கள். நாட்டிலஸின் மூளை எளிமையானது, ஆக்டோபஸின் நினைவாற்றலுக்கு ஆதாரமான மடல் அதில் இல்லை. ஆனாலும் நீல ஒளிக்குப் பின் இரை வரும் என்று கற்றால், ஒரு நாள் கழித்தும் அதை நினைவில் வைத்திருக்கிறது.

தூங்கும்போது நிறம் மாறுகிறதே, கனவு காண்கிறதா?

ஆக்டோபஸின் தூக்கத்தில் இரண்டு நிலைகள் உண்டு. வெளிறி, அசையாமல் கிடக்கும் அமைதித் தூக்கம் ஒன்று. ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை, ஒரு நிமிட அளவில், தோல் நிறங்கள் ஓட, கண்ணும் கையும் துடிக்கும் துடிப்புத் தூக்கம் மற்றொன்று. ஒகினாவாவில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு, துடிப்புத் தூக்கத்தின்போது மூளையின் செயல்பாடு விழிப்பு நிலையை ஒத்திருப்பதையும், தோலில் ஓடும் கோலங்கள் விழித்திருக்கும்போது தோன்றுபவையாகவே இருப்பதையும் காட்டியது. தூக்கத்தைக் கெடுத்தால் பிறகு அந்தத் தூக்கம் அடிக்கடி வந்து ஈடுசெய்துகொள்கிறது.

கனவு என்பது கண்டவர் விழித்துச் சொன்னால்தான் தெரியும். பகலின் அனுபவங்களை மூளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது என்று ஊகிக்க இடமிருக்கிறது. அதைத் தாண்டி நான் போகமாட்டேன். நம்மிடம் உள்ள இரு நிலைத் தூக்கத்தை ஒத்த ஒன்று, 50 கோடி ஆண்டு தொலைவில் பிரிந்த கிளையிலும் தனியே முளைத்திருக்கிறது என்பதே என்னை உறங்கவிடாத செய்தி.

தனிமை விரும்பி என்கிறார்களே, ஒன்றோடொன்று பழகவே பழகாதா?

பெரும்பாலும் தனிமைதான். ஆனால் இடம் நெருக்கினால் நிலை மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் ஜெர்விஸ் விரிகுடாவில் ஆக்டோபஸ்கள் சிப்பி ஓட்டுக் குவியலில் பக்கத்துப் பக்கத்து வளைகளில் வாழும் இடம் 2009 இல் கண்டறியப்பட்டது. அங்கே எடுத்த படங்களில் அவை சேற்றையும் ஓடுகளையும் கைகளுக்கடியில் திரட்டி, நீர்த்தாரையால் வீசியெறிகின்றன. சில வீச்சுகள் அண்டைவீட்டு ஆக்டோபஸ்மீது விழுகின்றன. கருநிறம் காட்டும்போது வீச்சின் வேகம் கூடுகிறது. எதிரில் இருப்பது சில சமயம் குனிந்துகொள்கிறது.

மீன்களோடு கூட்டு வேட்டையும் உண்டு. செங்கடலில் எடுத்த படங்களை ஆராய்ந்து 2024 இல் வெளியிட்டார்கள். ஆடுமீன்கள் இரை இருக்கும் திசையைத் தேடிக் காட்டுகின்றன, எப்போது எங்கே பாய்வது என்பதை ஆக்டோபஸ் தீர்மானிக்கிறது. உதவாமல் ஒட்டிக்கொண்டு திரியும் மீனுக்குக் கையால் ஒரு குத்து விழுகிறது.

ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளுமா?

1992 இல் நேப்பிள்ஸில் ஃபியோரித்தோவும் ஸ்கோத்தோவும், சிவப்பு அல்லது வெள்ளைப் பந்தைத் தாக்கப் பழகிய ஆக்டோபஸை மற்றவை பார்க்கும்படி வைத்தார்கள். பார்த்தவையும் பெரும்பாலும் அதே பந்தைத் தாக்கின. (நிறம் தெரியாதே என்று கேட்பீர்கள். வெளிச்ச வேறுபாடு போதும்.) அந்த முடிவைப் பிற ஆய்வாளர்கள் அப்போதே கேள்விக்குட்படுத்தினார்கள். பந்தின்மீது கவனம் திரும்பியதா, உண்மையிலேயே கற்றதா என்ற விவாதம் ஓயவில்லை. "முடியும்" என்று ஒரே சொல்லில் எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பால் என்ற ஆக்டோபஸ் கால்பந்து முடிவுகளைச் சொன்னதே?

2010 உலகக் கோப்பையில், ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் இருந்த பால், ஜெர்மனி ஆடிய ஏழு ஆட்டங்களோடு இறுதி ஆட்டத்தையும் சரியாகத் தேர்ந்தது. எட்டுக்கு எட்டு. குருட்டாம்போக்கில் அப்படி அமைய 256 இல் ஒரு வாய்ப்பு உண்டு. 2008 ஐரோப்பியக் கோப்பையில் அது ஆறில் நான்குதான் சரியாகத் தேர்ந்திருந்தது. அது செய்ததெல்லாம் கொடி ஒட்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்றிலிருந்து உணவை எடுத்ததுதான். ஆக்டோபஸின் அறிவுக்கு இது சான்றாகாது.

தொட்டியிலிருந்து தப்பித்துக் கடலுக்குப் போனது நிஜமா?

நிஜம். நியூசிலாந்தின் நேப்பியர் நகரில் இங்கி என்ற ஆக்டோபஸ் 2016 இல், சற்றே திறந்திருந்த மூடி வழியாக வெளியேறி, தரையில் ஊர்ந்து, சுமார் 50 மீட்டர் நீளமுள்ள வடிகால் குழாய் வழியே கடலை அடைந்தது. உடலில் கடினமானது என்று சொல்லத்தக்கது அலகு மட்டுமே. அலகு நுழைந்தால் மற்றதெல்லாம் நுழையும். அது கடலுக்குத் திட்டமிட்டுப் போனதா, திறப்புகளைத் துழாவும் இயல்பில் போய்ச் சேர்ந்ததா என்பது பார்த்தவர் எவரும் இல்லாத விஷயம்.

வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தது என்று விஞ்ஞானிகளே எழுதினார்களாமே?

2018 இல் ஒரு கட்டுரையில், உறைந்த முட்டைகளாக விண்வெளியிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதினார்கள். உயிரியலாளர்கள் அதை ஏற்கவில்லை. மரபணுக்கள் அது மெல்லுடலி என்று ஐயமின்றிக் காட்டுகின்றன. ஓடுள்ள தலைக்காலிகளின் புதைபடிவங்கள் ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கின்றன.

வலி தெரியுமா? அல்லது வெறும் உடல் எதிர்வினையா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. வெட்டிய கையே அசைகிறது என்பதால், துடிப்பை வைத்து வலியை நிரூபிக்க முடியாது. 2021 இல் ராபின் குரூக் வேறு வழியில் சோதித்தார். ஆக்டோபஸின் கையில் எரிச்சலூட்டும் அமிலத்தைச் சிறிதளவு செலுத்தி, அதற்குப் பிடித்த அறையில் வைத்தார். பிறகு அது அந்த அறையையே தவிர்த்தது. வலி மரத்துப்போகும் மருந்து கொடுத்தபோது, நிவாரணம் கிடைத்த அறையை நாடியது. காயம்பட்ட இடத்தை அலகால் நெடுநேரம் சுரண்டிக்கொண்டிருந்தது. இடத்தையும் துன்பத்தையும் இணைத்து நினைவில் வைத்து, பின்னர் அதன்படி முடிவெடுப்பது கையின் வேலையன்று, தலையின் வேலை.

ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆம் ஆண்டின் நெறிமுறையில், ஆய்வுக்கூட விலங்குகளுக்கான பாதுகாப்பைத் தலைக்காலிகளுக்கும் விரித்தது. பிரிட்டன் 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவற்றை உணர்வுள்ள உயிர்களாக ஏற்றது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2024 இல் ஆக்டோபஸ் பண்ணைகளைத் தடைசெய்தது. தனிமையில் வாழும், தப்பிக்கத் துடிக்கும், வலி உணரும் ஓர் உயிரைத் தொட்டிகளில் நெருக்கி வளர்ப்பது தவறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இவ்வளவு அறிவு இருந்தும் ஏன் ஓரிரு ஆண்டுகளில் செத்துப்போகிறது?

சாதாரண ஆக்டோபஸ் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளே வாழும். ராட்சத பசிபிக் ஆக்டோபஸ் மூன்று முதல் ஐந்து. மெதுவாக வளரும் நாட்டிலஸ் இருபது ஆண்டுகள்வரை வாழ்கிறது. ஓடு போனதும் நீண்ட ஆயுளுக்குச் சேமித்து வைப்பதில் பலனில்லாமல் போயிற்று, எந்த நாளும் இரையாகலாம். ஆகவே வேகமாக வளர்ந்து ஒரே முறை முட்டையிட்டு முடிந்துவிடுகின்றன என்று விளக்குகிறார்கள். அந்த முடிவை இயக்குவது கண்ணருகே உள்ள ஒரு சுரப்பி. 1977 இல் ஜெரோம் வோடின்ஸ்கி, முட்டையிட்ட பெண்களிடமிருந்து அதை அகற்றினார். அவை அடைகாப்பதை விட்டு மறுபடி உண்ணத் தொடங்கி, நீண்ட நாள் வாழ்ந்தன.

தாய் குஞ்சுகளுக்கு எதையும் கற்றுத்தர வாய்ப்பே இல்லை. குஞ்சு பொரியும்போது அவள் இறந்துகொண்டிருப்பாள். மேலே சொன்ன அத்தனை திறனையும் ஒவ்வோர் ஆக்டோபஸும் முதலிலிருந்து, தனியாக, ஓரிரு ஆண்டுகளுக்குள் கற்றுக்கொள்கிறது. கலிபோர்னியாவின் மான்டரே கடற்பள்ளத்தாக்கில், 1,400 மீட்டர் ஆழத்தில், 2007 இல் ஓர் ஆழ்கடல் ஆக்டோபஸ் பாறையில் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியது. புரூஸ் ராபிசன் குழுவினர் ஆளில்லாக் கலத்தை 18 முறை அங்கே இறக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே தழும்புகளோடு அதே தாய், முட்டைகளின்மேல். முன்னால் நண்டுகள் நடந்து போயின, அவள் தொடவில்லை. கலத்தின் கையால் நண்டுத் துண்டை நீட்டியபோதும் வாங்கவில்லை. தோல் வெளிறியது, கண்கள் மங்கின, உடல் சுருங்கியது. 53 மாதங்கள் அப்படியே இருந்தாள், எந்த உயிரினத்திலும் பதிவான மிக நீண்ட அடைகாப்பு அது. 2011 அக்டோபரில் கலம் இறங்கியபோது அவளைக் காணவில்லை. பாறையில் கிழிந்த, வெறுமையான முட்டைத் தோல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.